‘மா’: ஓரெழுத்துச் சொல் ஒன்றின் பல பிறப்புகள்

‘மா’ என்பது தமிழில் குதிரை, சீனத்திலும் குதிரை. தமிழில் அது பெருமையையும் குறிக்கும். வடமொழியில் ‘மகா’ அதே பொருளில் வழங்குகிறது. தாயைக் குறிக்கும் சொற்களோ உலகின் பல மொழிகளில் ‘மா’ என்ற ஒலியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. இவை எல்லாம் ஒரே தொல்சொல்லிலிருந்து கிளைத்தவையா, அந்தத் தொல்சொல் தமிழுக்கு உரியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றுள் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆயினும் சில ‘மா’க்களுக்கு இடையே உண்மையான உறவு உண்டு. அந்த உறவு பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இருப்பதில்லை. ஒலியும் பொருளும் கண்ணுக்கு நேராகப் பொருந்துகிற இடங்களில் உறவு இல்லாமற் போவதும், பொருள் முற்றிலும் விலகி நிற்கிற இடங்களில் உறவு உறுதிப்படுவதும் சொற்பிறப்பு ஆய்வில் அடிக்கடி நேர்வன. ‘மா’ அதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் தமிழை எடுத்துக்கொள்வோம். நன்னூல் ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று கணக்கிட்டு, மகர வரிசையில் ஆறு சொற்களைத் தருகிறது: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் பொருள் வளம் மிகுந்தது ‘மா’. மாமரம், விலங்கு, குறிப்பாகக் குதிரையும் யானையும், அரைத்த மாவு, கருமை, பெருமை, இருபதில் ஒரு பங்கு ஆகிய பொருள்கள் அனைத்தும் அதற்கு உண்டு. அகராதியில் இவை ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருப்பதைக் காணும் ஒருவர், ஒரே சொல் இத்தனை பொருள்களாக விரிந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தமிழ் இலக்கணமே அந்த எண்ணத்தை மறுக்கிறது.

தொல்காப்பியத்தின் உயிர்மயங்கியலில் ‘மாமரக் கிளவியும் ஆவும் மாவும்’ என்று தொடங்கும் நூற்பா ஒன்று இருக்கிறது. அதில் மாமரத்தைக் குறிக்கும் ‘மா’ தனியாகவும், விலங்கைக் குறிக்கும் ‘மா’ தனியாகவும் எண்ணப்படுகின்றன. புணர்ச்சியில் இரண்டும் வெவ்வேறு வழியில் செல்கின்றன என்பதே காரணம். மரத்தின் கிளையைச் சொல்லும்போது ‘மாஅங்கோடு’ என்று மெல்லெழுத்துத் தோன்றுகிறது. விலங்கின் கொம்பைச் சொல்லும்போது ‘மான்கோடு’ என்று னகரம் தோன்றுகிறது. பசுவைக் குறிக்கும் ‘ஆ’ ‘ஆன்கோடு’ ஆவதும் இவ்வாறே. தனியே நிற்கும்போது ஒன்றுபோல் ஒலிக்கும் இரு சொற்கள், இன்னொரு சொல்லோடு சேரும்போது தம் வேறுபாட்டை வெளிக்காட்டிவிடுகின்றன. இன்றும் நாம் ‘மாங்காய்’, ‘மாம்பழம்’, ‘மாந்தளிர்’ என்று மெல்லின ஒற்றுடனேயே பேசுகிறோம். இந்த இரண்டையும் ஒரே சொல்லாகக் கொள்ள இடமில்லை என்பதை இரண்டாயிரம் ஆண்டு மரபுடைய ஒரு விதி காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது.

விலங்குப் பொருளில் ‘மா’ மிகப் பழையது. ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்று தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகிறது. யானை ‘கைம்மா’ என்றும், சிங்கம் ‘அரிமா’ என்றும், குதிரை ‘பரிமா’ என்றும் அடைமொழி பெறுவதைப் பார்த்தால், அடிப்படைப் பொருள் ‘விலங்கு’ என்பதும், குதிரை என்பது அதிலிருந்து குறுகிய பொருள் என்பதும் தெளிவாகும். இதைச் சீனத்துக்கு வரும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

மரப் பெயருக்குத் திராவிட மொழிகளில் உறுதியான உறவினர் உண்டு. கன்னடத்திலும் மலையாளத்திலும் அது ‘மாவு’, தெலுங்கில் ‘மாமிடி’. தமிழின் ‘மாங்காய்’, மலையாளத்தின் ‘மாங்ங’ ஆகிய வடிவங்கள் கடல் வணிகத்தின் வழியே சென்று மலாயில் ‘மங்கா’ எனவும், போர்த்துகீசியத்தில் ‘மங்கா’ எனவும், ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ எனவும் நிலைபெற்றன. இங்கே பொருள் மாறவில்லை, சென்ற வழியும் தெரிகிறது. ஆகவே ஐயம் இல்லை. உலக மொழிகளுக்குள் தமிழ்க் குடும்பத்து ‘மா’ உண்மையாகவே நுழைந்த இடம் இதுதான்.

எண்ணுப் பெயராகிய ‘மா’ இருபதில் ஒரு பங்கு. எண்பதில் ஒரு பங்காகிய காணியை அதனோடு கூட்டினால் பதினாறில் ஒரு பங்காகிய ‘மாகாணி’ கிடைக்கும். ஒரு வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்கும் ‘மா’ என்றே பெயர் பெற்றது. மாவுப் பொருளில் வழங்கும் ‘மா’வை ஈழத் தமிழர் இன்றும் ‘கோதுமை மா’, ‘அரிசி மா’ என்று உகரம் சேர்க்காமல் பழைய வடிவிலேயே சொல்கின்றனர். பொருளே இல்லாத ஒரு ‘மா’வும் தமிழில் உண்டு. ‘மா என் கிளவி வியங்கோள் அசைச்சொல்’ என்று தொல்காப்பியம் அதைக் குறிக்கிறது. ‘உப்பின்று புற்கை உண்கமா கொற்கையோனே’ என்பது உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. அங்கே ‘உண்க’ என்பதோடு ஒட்டிய ‘மா’வை மரம், விலங்கு எதனோடும் யாரும் இணைக்க மாட்டார்கள். ஒரே மொழிக்குள்ளேயே இத்தனை தனித்தனிச் சொற்கள் ஒரே ஒலியில் வந்து குவிந்திருக்கும்போது, மொழிகளுக்கு இடையே ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு உறவு கற்பிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

இனிக் குதிரை. இன்றைய சீனத்தில் ‘மா’ என்ற அசை ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். உயர்ந்து சமமாக ஒலித்தால் தாய். கீழிருந்து ஏறினால் சணல் வகைச் செடி. தாழ்ந்து எழுந்தால் குதிரை. மேலிருந்து விழுந்தால் திட்டுதல். அழுத்தமின்றி வாக்கியத்தின் இறுதியில் நின்றால் நம் ‘வருகிறாயா’ என்பதில் உள்ள ஆகாரத்தைப் போல வினாப் பொருள் தரும். தாயைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் ‘பெண்’ என்னும் உருவும் வலப்பக்கம் ‘குதிரை’ என்னும் உருவும் இருக்கின்றன. குதிரைக்கும் தாய்க்கும் அங்கே எந்தப் பொருள் தொடர்பும் இல்லை. ஒலியைக் காட்டுவதற்காகவே அந்தக் குதிரை உரு அமர்ந்திருக்கிறது.

தமிழ் ‘மா’வும் சீன ‘மா’வும் குதிரையைக் குறிப்பதால் உறவுடையவை என்று வாதிடுவோர் இன்றைய உச்சரிப்பை மட்டுமே பார்க்கின்றனர். பழஞ்சீனத்தில் அந்தச் சொல் ‘ம்ர’ என்ற கூட்டொலியுடன் தொடங்கியது என்று மொழியியலாளர் மீட்டுருவாக்கியுள்ளனர். இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. சீனத்தோடு இனவுறவுடைய பர்மிய மொழியில் குதிரையின் பெயர் இன்றும் எழுத்தில் ‘ம்ர’ என்றே தொடங்குகிறது, பழந்திபெத்தியத்தில் அது ‘ர்மங்’ என்று காணப்படுகிறது. மங்கோலியத்தின் ‘மோரின்’, பழைய ஜெர்மானியத்தின் ‘மர்ஹ’ ஆகியவற்றிலும் ரகரம் இருப்பதால், குதிரையைப் பழக்கிய நடு ஆசிய மக்களிடமிருந்து இச்சொல் பல திசைகளில் பரவியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். அக்கருத்து சரியாயினும் தவறாயினும், அந்தச் சொல்லின் உயிர்நாடி ரகரம். தமிழ் ‘மா’வில் எந்தக் காலத்திலும் ரகரம் இருந்ததற்குத் தடயம் இல்லை, அதன் முதற்பொருளும் குதிரை இல்லை. ஒரு பக்கம் ரகரத்தை இழந்து ‘மா’ ஆன சொல், மறுபக்கம் ‘விலங்கு’ என்பதிலிருந்து ‘குதிரை’ என்று பொருள் குறுகிய சொல். இரண்டும் வெவ்வேறு பாதையில் நடந்து ஓரிடத்தில் வந்து நிற்கின்றன.

தாய்லாந்து நாட்டு மொழியில் குதிரைக்கும், நாய்க்கும், ‘வருதல்’ என்ற வினைக்கும் ‘மா’ என்பதே அசை. தொனி மட்டுமே வேறு. அவற்றுள் குதிரைப் பெயர் சீனத்திலிருந்து சென்றது என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. கடன்பெற்ற சொல்லும் சொந்தச் சொற்களும் அருகருகே ஒரே அசையில் வாழ்வதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வடமொழியில் ‘மா’ என்னும் தனிச்சொல் ‘வேண்டாம்’, ‘செய்யாதே’ என்று விலக்கும் பொருளுடையது. கீதையில் ‘மா பலேஷு கதாசன’ என்ற தொடரிலும், ‘மா சுச:’ என்ற தொடரிலும் வருவது இதுவே. இராமாயணத்தின் பிறப்போடு இணைத்துச் சொல்லப்படும் ‘மா நிஷாத’ என்ற சுலோகமும் இந்த விலக்குச் சொல்லுடன்தான் தொடங்குகிறது: வேடனே, உனக்கு நிலைபேறு வாய்க்காதிருக்கட்டும் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் ‘மா’வுக்குத் திருமகள் என்ற பொருளும் உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, ‘மாநிஷாத’ என்பதைத் ‘திருமகள் உறையும் இடமாகிய திருமாலே’ என்று பிரித்து வாழ்த்தாக விளக்கிய உரைகளும் தோன்றின. சாபத்தை வாழ்த்தாக மாற்ற ஓர் ஓரெழுத்துச் சொல் போதுமானதாக இருந்தது.

இந்த விலக்குச் சொல்லின் உறவினரைக் கிரேக்கத்தில் ‘மே’ என்று நெடிலாகவும், பழம்பாரசீகத்தில் ‘மா’ என்றும், ஆர்மீனியத்தில் ‘மி’ என்றும் காண்கிறோம். இவை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்குள் முறையான ஒலியொப்புமையுடன் பொருந்துகின்றன. அரபியிலும் ‘மா’ என்றால் ‘இல்லை’ என்ற பொருள் உண்டு. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கியிருந்தும் இங்கே உறவு இல்லை. அரபி ‘மா’ முதன்மையாக ‘என்ன’ என்றும் ‘எது’ என்றும் பொருள்படும் செமித்தியச் சொல். எபிரேயத்தில் அதன் உடன்பிறப்பு ‘மா’ என்றே வினாச்சொல்லாக வழங்குகிறது. தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் சொல்லும் ‘மாஷா அல்லாஹ்’ என்பதில் நிற்பதும் ‘இறைவன் எதை நாடினானோ அது’ என்ற பொருளில் உள்ள இந்த ‘மா’தான். அரபியில் நீரைக் குறிக்கும் ‘மாஉ’ வேறொரு சொல். எபிரேயத்தின் ‘மயிம்’, அக்காதியத்தின் ‘மூ’ ஆகியவற்றோடு சேர்ந்து அது செமித்தியக் குடும்பத்தின் மிகப் பழைய சொத்து.

தாய்ச்சொல் பற்றித் தனியே பேச வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட மக்களை ஈர்ப்பதும் வழிதவறச் செய்வதும் அதுவே. வடமொழியின் ‘மாத்ரு’, இலத்தீனின் ‘மாத்தெர்’, கிரேக்கத்தின் ‘மேதேர்’, உருசியத்தின் ‘மாத்’, இந்தியின் ‘மா’ ஆகியவை ஒரே குடும்பத்து உறவினர். ஆனால் சீனத் தாயும் தமிழ் அம்மாவும் வியட்நாமியத்தின் ‘மா’வும் இவற்றோடு சேர்ந்தொலிப்பதற்குக் காரணம் குடும்ப உறவு அன்று, குழந்தையின் வாய். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார். மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் தொகுத்த 1072 தாய், தந்தைப் பெயர்களை அவர் எடுத்துக்கொண்டபோது, தாய்ப் பெயர்களில் 55 விழுக்காடு மூக்கொலியைக் கொண்டிருந்தன. தந்தைப் பெயர்களில் 15 விழுக்காடே அவ்வாறு இருந்தன. பால் குடிக்கும்போது குழந்தையின் உதடுகள் மூடியிருப்பதால் மூச்சு மூக்கின் வழியே வெளிவந்து மகரம் போன்ற ஒலி எழுகிறது. பின்னர் பசித்தாலும் தாயைத் தேடினாலும் குழந்தை அவ்வொலியையே எழுப்புகிறது. பெற்றோர் அதைத் தாயின் பெயராகக் கேட்டுக்கொள்கின்றனர் என்பது அவர் விளக்கம். எனவே தாய்ச்சொல் ஒத்திருப்பது இரண்டு மொழிகளுக்கு உறவு உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் சான்றாகாது. இந்தப் போக்கு கட்டாய விதியும் அன்று: ஜார்ஜிய மொழியில் ‘மமா’ என்றால் தந்தை, ‘தெதா’ என்றால் தாய். நம் மொழியிலேயே ‘மாமா’ தாயுடன் பிறந்தவன்.

வடமொழியில் ‘மா’ என்பதற்கு அளத்தல் என்ற வினைப்பொருளும் உண்டு. ‘மானம்’, ‘மாத்ரா’ ஆகியவை அதன் வழிவந்தவை. எழுத்துகளின் ஒலிக்கால அளவுக்கு நாம் வழங்கும் ‘மாத்திரை’ அந்த ‘மாத்ரா’வே. தாய் என்பவள் அளந்து உருவாக்குபவள், ஆகவே ‘மாத்ரு’ இந்த வினையிலிருந்து பிறந்தது என்ற பழைய விளக்கம் ஒன்று உண்டு. கேட்பதற்கு அழகானது, ஆனால் இலத்தீன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இலத்தீனில் தாய் ‘மாத்தெர்’ என்று ஆகாரத்துடனும், அளத்தல் ‘மேத்தியோர்’ என்று ஏகாரத்துடனும் இருக்கின்றன. வடமொழியில் அ, எ, ஒ என்ற மூன்று பழைய உயிர்களும் ஒன்றாகக் கலந்து அகரமாகிவிட்டதால் இரண்டு வேர்களும் ‘மா’ என்ற ஒரே உருவத்துக்குள் வந்துவிட்டன. இலத்தீன் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. மாமரத்தையும் விலங்கையும் தமிழில் புணர்ச்சி விதி பிரித்துக்காட்டியது; இங்கே அந்த வேலையை உறவுமொழி செய்கிறது.

பொருள் சிறிதும் பொருந்தாத உறவுக்கு ஒரு சான்று கூறுகிறேன். இத்தாலியத்தில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. அது இலத்தீனில் ‘அதிகமாக’ என்று பொருள்பட்ட ‘மகிஸ்’ என்ற சொல் தேய்ந்து வந்தது. ‘அதைவிட இதுவே’ என்ற கருத்து மெல்ல மெல்ல ‘ஆனால்’ என்று மாறியது; பிரெஞ்சு ‘மே’யும் அதே வழியில் வந்தது. அந்த ‘மகிஸ்’ பிறந்த வேர்தான் கிரேக்கத்தில் ‘மெகாஸ்’ என்றும் வடமொழியில் ‘மஹத்’, ‘மஹா’ என்றும் பெருமைப் பொருளில் வளர்ந்தது. நாம் ‘மெகாவாட்’ என்று சொல்லும்போது கிரேக்கக் கிளையையும் ‘மகாராஜா’ என்று சொல்லும்போது இந்தியக் கிளையையும் பயன்படுத்துகிறோம். இத்தாலியரின் ‘ஆனால்’ அவற்றின் நெருங்கிய உறவு. அதே வேளையில் வியட்நாமியத்தில் ‘மா’ என்ற சொல்லை ஒருவகைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் அதற்கும் ‘ஆனால்’ என்றே பொருள். இத்தாலியத்துக்கும் அதற்கும் எவ்வகை உறவும் இல்லை.

இப்போது தமிழின் பெருமைப் பொருள் ‘மா’ வடமொழி ‘மகா’வின் தேய்வா என்ற கேள்வி எழும். இதற்கு ஒரே விடை கூறுவது நேர்மையாகாது என்பது என் கருத்து. பல்லவன் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் ‘மகாமல்லன்’ தமிழில் ‘மாமல்லன்’ ஆயிற்று. ‘மகாதேவி’ ‘மாதேவி’ ஆனாள். இவற்றில் தேய்வு கண்கூடு. ஆனால் ‘மாநிலம்’, ‘மாநகர்’ போலச் சங்க காலம் முதல் வழங்கும் பெருமைப் பொருள் ‘மா’வுக்கு ‘மாண்’, ‘மாண்பு’, ‘மாட்சி’ என்று தமிழிலேயே விரிந்த சொற்குடும்பம் இருக்கிறது. கடன்சொல்லுக்கு இவ்வாறு உள்ளிருந்து கிளைகள் விடுவது அரிது. தமிழுக்கு உரிய ஒரு ‘மா’ முன்னரே இருந்தது, பின்னர் ‘மகா’விலிருந்து தேய்ந்த ‘மா’வும் அதனோடு வந்து கலந்தது என்று கொள்வதே இரு தரப்புச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது.

ஏனைய மொழிகளை விரைவாகக் கடந்துவிடலாம். பிரெஞ்சில் ‘மா’ என்றால் ‘என்னுடைய’. இலத்தீன் ‘மேஆ’வின் சுருக்கம். பாரசீகத்தில் ‘மா’ என்றால் ‘நாம்’. பழம்பாரசீகத்தின் ‘அமாகம்’ என்பதன் எச்சம். ஃபின்னியத்தில் ‘மா’ நிலம். அதன் தூரத்து உறவாகிய ஹங்கேரியத்தில் ‘மா’ இன்று என்னும் பொருளுடைய வேறு சொல். எஸ்தோனியத்தில் நெடில் ‘மா’ நிலம், குறுகிய ‘ம’ நான். உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள் உள்ளன. அவற்றுள் மகரமோ அகரமோ இல்லாதவை மிகச் சிலவே. எனவே ‘மா’ என்னும் அசை கிட்டத்தட்ட எல்லா மொழிகளிலும் ஏதோ ஒரு பொருளைச் சுமந்து நிற்கும். இரண்டு மொழிகளில் அப்பொருள் தற்செயலாக ஒத்துப்போவதும் தவிர்க்க முடியாதது. நீண்ட சொல் ஒன்று ஒலியாலும் பொருளாலும் ஒத்துவந்தால் அதை ஆராயலாம். ஓரசைச் சொல் ஒத்துவருவதற்குத் தனி மதிப்பு ஏதும் இல்லை; அதே இரு மொழிகளின் பிற சொற்களிலும் அதே ஒலி மாற்றம் தொடர்ந்து காணப்பட்டால் மட்டுமே அது பேசத்தக்கது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று 1816இல் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸும், அதை விரித்து 1856இல் கால்டுவெல்லும் நிறுவியது தனிச்சொற்களின் ஒற்றுமையை எண்ணிப் பார்த்து அன்று. வேர்களிலும் விகுதிகளிலும் தொடர்ந்து காணப்படும் ஒழுங்கைக் காட்டியே.

கடைசியாக, தொலைவான இரண்டு ‘மா’க்கள் உண்மையிலேயே ஒன்றாகும் ஓரிடம் உண்டு, தமிழும் அதில் பங்குடையது. வியட்நாமியத்தில் தொனி ஏற்றாமல் ‘மா’ என்றால் பேய். ஜப்பானியத்தில் ‘இடைவெளி’யைக் குறிக்கும் சொந்தச் சொல்லாகிய ‘மா’ ஒருபுறம் இருக்க, தீய ஆவியைக் குறிக்கும் இன்னொரு ‘மா’வும் இருக்கிறது, ‘அகுமா’ என்று சாத்தானைச் சொல்லும்போது இறுதியில் நிற்பது அதுவே. இரண்டும் ஒரே சீன எழுத்தின் இரு நாட்டு வாசிப்புகள். அந்த எழுத்தோ புத்தரின் தவத்தைக் கலைக்க முயன்ற ‘மாரன்’ பெயரைச் சீனத்தில் எழுதுவதற்காகப் பயன்பட்டது. முதலில் ‘அரைத்தல்’ என்ற பொருளுடைய எழுத்தை ஒலிக்காக மட்டும் எடுத்து எழுதினர் என்றும், 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் பேரரசர் வூ அதிலிருந்த ‘கல்’ உருவை நீக்கிப் ‘பேய்’ உருவைச் சேர்க்கச் செய்தார் என்றும் மரபுச் செய்தி ஒன்று கூறுகிறது. ‘மாரன்’ என்பது இறத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. ‘மரணம்’ அதன் உடன்பிறப்பு. தமிழில் அவன் காமனாகவே பெரிதும் அறியப்படுகிறான். எனினும் மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையில் ‘மாரனை வெல்லும் வீர நின்னடி’ என்று புத்தரைப் போற்றும் அடியில் வருபவன் அந்தப் பௌத்த மாரனே. வியட்நாமியர் பேயைக் குறிக்கச் சொல்லும் ‘மா’ அவன் பெயரின் முதல் அசை.